விரிதாளில் பதிவேடு வைத்தல்

கணக்குப் புத்தகத்தின் இரு பக்கங்களையும் ஒருசேர விரித்து வைத்து, இடப்பக்கத்தின் ஓரத்தில் தொடங்கி வலப்பக்கத்தின் ஓரம் வரையில் பத்தி பத்தியாகக் கோடிட்டு எழுதும் வழக்கம் அலுவலகங்களில் நெடுங்காலம் இருந்து வந்ததாகும். அவ்வாறு விரிந்த தாளுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ப்ரெட்ஷீட்’ என்று பெயர். கணினித் திரையில் அதே உருவத்தில் அமைந்த ஏட்டுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் அதனை விரிதாள் என்பர்.

இதன் தோற்றம் ஒரு வகுப்பறையோடு தொடர்புடையதாதலின் ஆசிரியர்கள் அதனை அறிந்திருத்தல் நன்று. 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்பவர் மாணவராயிருந்தார். கரும்பலகையில் வரையப்பட்ட கணக்கு அட்டவணையில் ஓர் எண்ணை மாற்ற நேர்ந்தால், அவ்வெண்ணைச் சார்ந்த மற்ற எண்கள் யாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்து மீண்டும் எழுத வேண்டியிருந்தது. ஓரெண்ணை மாற்றியவுடன் ஏனையவை தாமாகவே மாறிக் கொள்ளும் பலகை ஒன்று இருந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் நண்பரின் துணையுடன் அவர் உருவாக்கிய ‘விசிகால்க்’ 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கென வெளிவந்தது. அதில் 63 பத்திகளும் 254 வரிகளுமே இருந்தன. 1983இல் ‘லோட்டஸ் 1-2-3’ம், 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கான ‘எக்ஸெல்’லும் அதனைத் தொடர்ந்தன. இன்றைய எக்ஸெல் தாளொன்றில் 10,48,576 வரிகளும் 16,384 பத்திகளும் உள. விலையின்றிக் கிடைக்கும் ‘லிப்ரே ஆபீஸ் கால்க்’ என்பதும் களப் பணிக்குப் போதுமானதே.

விரிதாளின் உயிர்நிலை சூத்திரத்தில் உள்ளது. கட்டம் ஒன்றில் எண்ணையும் எழுதலாம். ‘இந்தக் கட்டத்தில் இருப்பதை அந்தக் கட்டத்தில் இருப்பதால் பெருக்கு’ என்ற கட்டளையையும் எழுதலாம். அக்கட்டளையைக் கீழே பிரதி செய்தால், அது தான் சுட்டும் கட்டங்களையும் ஒவ்வொரு வரியாகக் கீழிறக்கிக் கொள்ளும். இது பெரும் வசதி. எனினும் புதியவர்கள் முதன்முதலில் இடறி விழும் இடமும் இதுவேயாகும். ஒரு விரிவாக்கப் பணியாளர் ஊர்தோறும் உள்ள சாகுபடிப் பரப்பை ஏக்கரில் எழுதி, அதனை எக்டருக்கு மாற்ற விரும்புகிறார் எனக் கொள்வோம். ஓர் எக்டர் 2.471 ஏக்கர். அவ்வெண்ணைத் தாளின் தலைப்பில் ஒரு கட்டத்தில் எழுதி, முதல் ஊரின் பரப்பை அதனால் வகுக்கிறார். விடை சரியாக வருகிறது. சூத்திரத்தை அடுத்த வரிக்குப் பிரதி செய்தவுடன், வகுக்கும் எண்ணைச் சுட்டும் குறியும் ஒரு கட்டம் கீழிறங்கி, ஒன்றுமில்லாத கட்டத்தைச் சுட்டுகிறது. பூஜ்யத்தால் வகுக்க இயலாது என்று இயந்திரம் முறையிடுகிறது. கட்டத்தின் பெயரில் பத்தி எழுத்துக்கு முன்னும் வரி எண்ணுக்கு முன்னும் டாலர் குறியை இட்டுவிட்டால், அச்சுட்டு அசையாமல் நின்றுவிடும். எழுதும்போதே எஃப்4 விசையை அழுத்தினால் அக்குறிகள் தாமாக விழும். வகுத்தலாயிருந்தபடியால் இங்கே பிழை வெளிப்பட்டது. பெருக்கலாயிருந்தால் விடை பூஜ்யம் என்று அமைதியாக வந்திருக்கும். கவனியாதவர் அதனை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பியும் இருப்பார்.

2.471 என்பதைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவிட்டால் இத்தொல்லை இல்லையே எனச் சிலர் கருதலாம். அது தவறான சிக்கனம். அடுத்து அத்தாளைப் பார்ப்பவருக்கு அவ்வெண் எங்கிருந்து வந்தது என்பது விளங்காது. மாறிலி ஒவ்வொன்றும் தனிக் கட்டத்தில், பக்கத்தில் பெயரோடும் அலகோடும் நிற்க வேண்டும்.

இனி, தாளின் அமைப்பு. அச்சிட்ட பதிவேட்டின் தோற்றத்தைத் திரையில் அப்படியே வரைந்துவிட வேண்டும் என்ற ஆவல் பெரும்பாலோர்க்கு உண்டு. தலைப்பை நடுவே நிறுத்துவதற்காகக் கட்டங்களை இணைப்பர். ஒவ்வோர் ஊருக்கும் இடையே ஒரு வெற்று வரி விடுவர். ஊருக்கு ஊர் உட்கூட்டுத் தொகை எழுதுவர். சந்தேகமான எண்ணுக்கு மஞ்சள் வண்ணம் பூசுவர். தாள் அழகாகத்தான் இருக்கும். ஆயின் அதனை வரிசைப்படுத்த முயன்றால் இணைத்த கட்டங்கள் மறுக்கும். மொத்தத் தொகை போட்டால் உட்கூட்டுத் தொகைகளும் சேர்ந்து இருமடங்காகும். மஞ்சள் வண்ணம் எதைக் குறித்தது என்பது மறு மாதத்தில் பூசியவருக்கே மறந்து போகும். பார்ப்பதற்கான அறிக்கையும் கணக்கிடுவதற்கான பதிவும் வேறு வேறு என்பதை உணர்ந்தால் இவ்வளவும் நீங்கும். பதிவுக்கு ஒரு தாள். அறிக்கைக்கு மற்றொரு தாள். பதிவுத் தாளில் முதல் வரி மட்டுமே தலைப்பு. அதன் கீழ் ஒரு வரிக்கு ஒரு நிகழ்ச்சி: இந்த நாளில், இந்த நிலையத்தில், இவ்வளவு மழை. ஐயமிருப்பின் அதனை எழுத ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி. நிலையத்தின் பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதினால் இயந்திரம் அவற்றை இரண்டு நிலையங்களாகவே எண்ணும். ஊர்ப்பெயரின் முடிவில் கண்ணுக்குப் புலப்படாத ஓர் இடைவெளி சேர்ந்துவிட்டாலும் அவ்வாறே. ஆதலின் பெயர்களைத் தேர்வுப் பட்டியலாக அமைத்து, அதிலிருந்தே எடுத்து இடும்படி கட்டத்தைக் கட்டுப்படுத்தி வைப்பது நலம். இவ்வமைப்பில் வரிகள் மிகும் என்பது உண்மையே, வரிகளுக்குப் பஞ்சமில்லை.

பூஜ்யத்துக்கும் வெற்றுக் கட்டத்துக்கும் உள்ள வேற்றுமையைக் களப் பணியாளர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். நம் நாட்டில் மழைமானி நாள்தோறும் இந்திய நேரப்படி காலை 8.30 மணிக்கு வாசிக்கப்படுகிறது. முந்திய 24 மணி நேரத்தில் பெய்த மழை அன்றைய தேதியில் பதிவாகும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட மழை பெய்த நாளே மழை நாள் எனக் கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, பத்து நாட்களில் ஏழு நாட்களுக்கு மட்டும் வாசிப்பு உள்ளது என வைத்துக் கொள்வோம்: 0, 0, 12.4, 3.0, 0, 24.6, 0. எஞ்சிய மூன்று நாட்கள் வாசிப்பவர் விடுப்பில் இருந்தார். மொத்தம் 40.0 மி.மீ. விடுபட்ட நாட்களை வெறுமையாக விட்டால், விரிதாள் ஏழால் வகுத்து நாள் சராசரி 5.7 என்று காட்டும். அங்கே பூஜ்யத்தை நிரப்பினால், பத்தால் வகுத்து 4.0 என்று காட்டும். தாளில் இடைவெளி தெரியக்கூடாதே என்ற நல்லெண்ணத்துடன் பூஜ்யம் இட்டவர், மழை பெய்யவில்லை என்று மூன்று நாட்களுக்குச் சாட்சி சொன்னவராகிறார். அந்நாட்களில் மழை பெய்திருக்கவும் கூடும். அவ்வாறு பெய்திருப்பின், நான்காம் நாள் வாசிப்பில் நான்கு நாள் மழையும் ஒருங்கே திரண்டிருக்கும். அதனைக் குறிப்புப் பத்தியில் எழுதாவிடில் ஒரே நாளில் பெருமழை பெய்ததாகப் பொருள்படும். வறட்சி நிவாரணமும் பயிர்க் காப்பீடும் மழைப் பதிவை நோக்கும் காலம் இது. ஒரு கட்டத்தில் தவறாக விழுந்த பூஜ்யம் ஓர் ஊரின் உழவர்கள் அனைவரையும் பாதிக்க வல்லது.

பள்ளியில் இதே வினா வேறு வடிவில் எழும். தேர்வுக்கு வாராத மாணவனின் கட்டத்தில் பூஜ்யம் இடுவது வகுப்பின் சராசரியைக் குறைக்கும். வெறுமையாக விடுவது அவனைக் கணக்கினின்றே நீக்கும். எது தேவை என்பதை ஆசிரியர் முடிவு செய்யலாம். முடிவை இயந்திரத்திடம் விட்டுவிடலாகாது.

அலகைக் கட்டத்துக்குள்ளேயே எழுதுவதும் இவ்வினத்தைச் சேர்ந்த பிழையே. ‘12.4 மி.மீ.’ என்று எழுதிவிட்டால் அது இயந்திரத்துக்கு எண்ணன்று, எழுத்து. கூட்டல் சூத்திரம் அதனை ஓசையின்றித் தாண்டிச் செல்லும். பிழை என்று அறிவிக்காது. எண் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்புறம் ஒட்டி நிற்கும் என்பது எளிய அடையாளம். இதனைக் காணும் பொருட்டே பத்தியின் அகலத்தைச் சற்றுப் பெரிதாக வைத்துக் கொள்வோரும் உளர். கட்டங்களை நடுவில் நிறுத்தி அழகு செய்வோர் இவ்வடையாளத்தைத் தாமே அழித்துவிடுகின்றனர். எண்கள் மட்டும் எத்தனை என்று எண்ணிச் சொல்லும் ‘கவுன்ட்’ சூத்திரத்தையும் பத்தியின் தலைமாட்டில் இட்டு வைக்கலாம். ஏழு வாசிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு என்று காட்டினால் ஒன்று எழுத்தாகிவிட்டது என்று அறியலாம்.

இயந்திரம் தன் போக்கில் செய்யும் மாற்றங்கள் இதனினும் தொல்லையானவை. வங்கிக் கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கினால், அதனை வெறும் எண்ணாகக் கருதி முன்னுள்ள பூஜ்யங்களை விரிதாள் நீக்கிவிடும். எக்ஸெல் ஓரெண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16 இலக்கமுள்ள கணக்கு எண்ணை இட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பின்னர் எவ்வளவு முயன்றாலும் பழைய இலக்கம் மீளாது. மாணவர் உதவித்தொகைப் பட்டியலில் இது நேர்ந்தால், தொகை வங்கியிலிருந்து திரும்பி வருவதற்குள் கல்வியாண்டே முடிந்துவிடக் கூடும். பரிகாரம் எளிது. எண்களை இடுவதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் ‘டெக்ஸ்ட்’ என்ற வகையில் அமைத்துவிட வேண்டும். இட்ட பிறகு அமைப்பதில் பயனில்லை. கூட்டவோ பெருக்கவோ வேண்டாத எண் எதுவும் உண்மையில் ஒரு பெயரே ஆகும். கணக்கு எண், தொலைபேசி எண், சேர்க்கை எண் யாவும் இவ்வகையின.

தேதியின் நிலையும் விசித்திரமானது. விரிதாள் தேதியைத் தேதியாக வைத்துக் கொள்வதில்லை. 1900 ஜனவரி 1ஐ ஒன்று எனக் கொண்டு நாட்களை எண்ணி, அவ்வெண்ணையே உள்ளே வைக்கிறது. 1947 ஆகஸ்டு 15 அதன் கணக்கில் 17,394. தேதிக் கட்டத்தில் திடீரென இத்தகைய எண் தோன்றினால் அஞ்ச வேண்டுவதில்லை. தோற்ற அமைப்பை மாற்றினால் தேதி மீண்டும் தெரியும். 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டு அன்று. எனினும் லோட்டஸ் 1-2-3 அதனை லீப் ஆண்டாகக் கருதி, இல்லாத பிப்ரவரி 29ஐயும் எண்ணிற்று. அதனோடு ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக எக்ஸெல்லும் அப்பிழையைத் தெரிந்தே மேற்கொண்டு, இன்றளவும் வைத்திருக்கிறது. அலுவலக மரபுகள் நிலைபெறும் விதத்துக்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

நடைமுறையில் இடர் தருவது நாள், மாதம் ஆகியவற்றின் வரிசையே. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால், ஏப்ரல் 3 என்று கருதி 03/04 என எழுதியதை அது மார்ச் 4 எனக் கொள்ளும். 13/04 என்பதில் பதின்மூன்றாம் மாதம் இல்லையாதலால் அதனை எழுத்தாக விட்டுவிடும். ஒரே பத்தியில் பாதித் தேதிகள் தவறாகவும் பாதி எழுத்தாகவும் நிற்கும் நிலை இவ்வாறுதான் தோன்றுகிறது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என எழுதுவது ஐயத்துக்கு இடமற்றது.

ஆராய்ச்சியாளரும் இதற்குத் தப்பவில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் ‘செப்ட் 2’, ‘மார்ச் 1’ என்பன போன்று அமைந்திருந்தன. விரிதாள் அவற்றைச் செப்டம்பர் 2 என்றும் மார்ச் 1 என்றும் மாற்றிவிட்டது. எக்ஸெல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளிவந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருந்ததாக 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. முடிவில் 2020இல் மரபணுப் பெயர்க் குழுவினர் அப்பெயர்களையே மாற்றி அமைத்தனர். இத்தானியங்கி மாற்றங்களை நிறுத்தி வைக்கும் வசதி எக்ஸெல்லில் வந்தது 2023இல்தான்.

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நேர்ந்தது இவையனைத்தினும் கடுமையானது. கொரோனா தொற்று உறுதியானோரின் விவரங்களை ஆய்வகங்களிலிருந்து பெற்று ஒன்றுசேர்க்கும் பணியில், பழைய ‘எக்ஸ்எல்எஸ்’ வகைக் கோப்பு ஒன்று பயன்பட்டது. அவ்வகைத் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. எல்லையைத் தாண்டிய வரிகள் உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் இடம் பெறாமற் போயினர். அவர்களுக்குத் தம் நோய் அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி பல நாள் தாமதமாயிற்று. கோப்பின் வகையைப் புதியதாக மாற்றுவது சில நொடி வேலை. எத்தனை வரிகள் வந்தன, எத்தனை வரிகள் சேர்ந்தன என்று இரு எண்களை ஒப்பிட்டிருந்தாலும் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.

சரிபார்த்தல் என்பது புதிய கருத்தன்று. 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், வங்காளத்தின் சணல் பயிர்ப் பரப்பை அளக்கும் ஆய்வுகளில் ஒரு முறையைக் கையாண்டார். ஒரே வட்டாரத்தில் ஒன்றையொன்று சாராத இரண்டு மாதிரித் தொகுதிகளை எடுத்து, அவற்றை வெவ்வேறு குழுவினர் அளக்கும்படி செய்தார். இருவர் கண்ட முடிவுகளும் ஒத்திருந்தால் நம்பிக்கை பிறக்கும். பெரிதும் வேறுபட்டால் எங்கோ கோளாறு உண்டு. விரிதாளில் இதன் எளிய வடிவத்தை எந்தப் பள்ளியிலும் மேற்கொள்ளலாம். முக்கியமான பட்டியலை இருவர் தனித்தனியே இரண்டு தாள்களில் இடுவர். மூன்றாம் தாளில் ஒரு கட்டத்தை மற்றதிலிருந்து கழிக்கும் சூத்திரம் இருக்கும். பூஜ்யமல்லாத கட்டங்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டால் போதும். மதிப்பெண் பட்டியல் முழுவதையும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் தலையசைக்கும் பழைய முறையில், இருவரும் சேர்ந்து தூங்கிவிடும் அபாயம் உண்டு.

சூத்திரங்களுக்கும் சோதனை தேவை. பொதுக்கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியல் பேராசிரியர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை பல நாட்டு அரசாங்கங்களின் விவாதங்களில் எடுத்தாளப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், அவர்களிடமிருந்தே பெற்ற விரிதாளைச் சோதித்தபோது, சராசரிச் சூத்திரம் 20 நாடுகளில் ஐந்தைத் தொடாமல் நின்றுவிட்டது தெரிய வந்தது. 2013இல் ஹெர்ன்டனும் அவருடைய ஆசிரியர்களும் வெளியிட்ட மறுகணக்கில், மிகுந்த கடனுள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 சதவீதம் என்பது 2.2 சதவீதம் என்றாயிற்று. இவ்வேறுபாட்டில் சூத்திரப் பிழையின் பங்கு சிறிதே. சில ஆண்டுகளின் விவரங்களை விட்டதும், நாடுகளுக்கு மதிப்பளித்த முறையுமே பெரிய காரணங்கள். ஆயினும் அவையும் தாள் வெளிப்பட்டதனாலேயே கண்டறியப்பட்டன.

நாடுகளுக்கு மதிப்பளித்தல் என்பது பள்ளி ஆய்வாளருக்கும் உரிய பிரச்சினையே. 20 மாணவர் உள்ள பள்ளியில் வருகை 90 சதவீதம். 200 மாணவர் உள்ள பள்ளியில் 60 சதவீதம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 75 என்று அறிக்கை எழுதுவது எளிது. உண்மையில் வந்தவர் 18ம் 120ம் சேர்ந்து 138 பேர், மொத்தம் 220 பேர், வருகை 62.7 சதவீதம். சதவீதங்களின் சராசரியைப் போடும் ஆசை எழும்போதெல்லாம் மூல எண்களுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும்.

வேலை நேரத்தை மிச்சப்படுத்தும் வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அவை பழகப் பழக வரும். இன்றைய தேதியை இடக் கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளி விசை. வடிகட்டியை இடக் கன்ட்ரோல், ஷிஃப்ட், எல். கட்டத்தினுள் திருத்த எஃப்2. வாரத்துக்கு ஒன்று வீதம் கற்றாலும் ஓராண்டில் ஐம்பது ஆகும். மாத அறிக்கைக்காக ஊர்வாரியாகக் கூட்டி எழுதுவோர் ‘பிவட் டேபிள்’ என்ற ஒன்றை மட்டும் கற்றால் போதும். பதிவுத் தாள் மேற்கூறியபடி ஒழுங்காக இருப்பின், ஊர் வாரியாகவும் மாத வாரியாகவும் தொகுத்த அட்டவணையை அது நொடியில் தரும்; பதிவுத் தாள் ஒழுங்கற்றிருப்பின் ஒன்றும் தராது. பதிவை அன்றன்றே இடுவதும் முக்கியம். மாதக் கடைசியில் ஒரே மாலையில் முப்பது நாள் பதிவையும் இடுபவர், களத்தில் கண்டதை எழுதுவதில்லை. நினைவில் நிற்பதை எழுதுகிறார்.

வரிசைப்படுத்தும் வேளையில் ஓர் எச்சரிக்கை. பெயர்ப் பத்தியை மட்டும் தெரிந்தெடுத்து அகர வரிசைப்படுத்தினால், பெயர்கள் இடம் மாறும். அருகிலுள்ள மதிப்பெண்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு மாணவனும் இன்னொருவனின் மதிப்பெண்ணைப் பெறுவான். மொத்தமும் சராசரியும் மாறாதிருப்பதால் எச்சோதனையிலும் இது அகப்படாது. முழு அட்டவணையையும் சேர்த்து வரிசைப்படுத்தலாமா என்று இயந்திரம் கேட்கும்போது ஆம் என்றே விடை தர வேண்டும். முதல் பத்தியில் வரிசை எண் இட்டு வைத்திருந்தால், எவ்வளவு முறை கலைத்தாலும் அவ்வெண்ணைக் கொண்டு பழைய நிலைக்கு மீளலாம். எந்த மாற்றத்தையும் தொடங்குமுன் கோப்பை அன்றைய தேதியிட்ட பெயரில் தனியே பிரதி செய்து, அப்பிரதியை வேறொரு கணினியிலோ நினைவுக் குச்சியிலோ வைத்துவிட்டுத் தொடங்குதல் வேண்டும்.